சாயவேரும் ஊதா நிறமும்

நிறங்களுள் ஊதா நிறத்திற்குத் தமிழர் வழங்கிய பெயர்கள் பல. நாவற்பழ நிறம் என்பர். கத்தரிப்பூ நிறம் என்பர். செந்நீலம் என்றும் கருநீலம் என்றும் கூறுவர். முல்லை நிலத்துக் காயாம்பூவைக் கண்டு, காயாம்பூ வண்ணன் என்று திருமாலுக்குப் பெயரிட்டனர் பழந்தமிழர். இப்பெயர்களில் ஓர் உண்மை புலனாகின்றது. இவற்றுள் பல ஒரு பூவையோ ஒரு கனியையோ சுட்டி நிற்கின்றன. இயற்கையில் இந்நிறம் எங்கும் இருந்தது; மக்கள் அதனை நாள்தோறும் கண்டனர். ஆயின் கண்ட நிறத்தைத் துணியில் ஏற்றி, துவைத்தாலும் வெயிலிற் காய்ந்தாலும் நிலைத்திருக்கச் செய்தல் எளிதாயிருக்கவில்லை. அந்த அரிய செயலின் வரலாற்றில் ஈழத்தின் வடமேற்குக் கரைக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை இன்று அறிந்தவர் மிகச் சிலரே.

கறை வேறு, சாயம் வேறு. நாவற்பழம் உண்ட சிறுவனின் நாவும் சட்டையும் ஊதாவாகின்றன. சட்டையை நாலைந்து முறை துவைத்தால் அந்த ஊதா மங்கிப் பழுப்பாகிவிடும். வேலியிற் படரும் நீலக் காக்கணம்பூவைக் கசக்கி நீரிலிட்டால் நீலம் இறங்கும். அந்நீரில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் அழகிய ஊதாவாக மாறும். சாம்பல் நீரைச் சேர்த்தால் பச்சையாகும். இவ்வாறு புளிக்கும் காரத்திற்கும் உடனே நிறம் மாறும் பொருள் துணிக்குச் சாயமாகாது. நூலிழையுடன் பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொள்வதே சாயம். செம்மைக்கும் மஞ்சளுக்கும் அத்தகைய பொருள்கள் பல இருந்தன. நீலத்திற்கு அவுரி இருந்தது. நிலைத்த ஊதாவைத் தரும் பொருளோ உலகின் சில இடங்களிலேயே அறியப்பட்டிருந்தது.

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலே, இன்றைய லெபனான் நாட்டில் உள்ள தீர் நகரத்தார் ஒருவகைக் கடற்சங்கிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தனர். 1909ஆம் ஆண்டில் பிரீட்லெண்டர் என்னும் இரசாயன அறிஞர் ஏறக்குறைய 12,000 சங்குகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற்றார். அவுரியின் நீலத்திற்கு மிக நெருங்கிய பொருளே அது என்பதும், இரண்டு புரோமின் அணுக்கள் மிகுதியாக உள்ளமையே வேறுபாடு என்பதும் அவரது ஆராய்ச்சியால் தெரியவந்தன. இத்துணை அரிதாயிருந்தமையால் உரோமப் பேரரசில் ஊதா ஆடை அரசர்க்குரியதாயிற்று. பிறர் அணிவது சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது. 1453இல் கொன்சுதாந்திநோபிள் வீழ்ந்தபின் அத்தொழிலும் மறைந்தது. அந்த ஊதாவுக்கு மதிப்பைத் தந்தது அதன் அருமையே.

தமிழ்நாட்டுக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் தோன்றிய ஊதாவின் வரலாறு இதற்கு மாறானது. அது கடலிலிருந்து வரவில்லை, மணலிலிருந்து வந்தது. அரசர்க்கு மட்டும் உரியதாயும் இருக்கவில்லை. சந்தையில் விற்கப்பட்ட பருத்தித் துணியில் இருந்தது.

புத்தளத்திலிருந்து தெற்கே கொழும்பு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மதுரங்குளியை அடுத்துள்ள ஊர் கனமூலை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. மேற்கே புத்தளம் களப்பு. களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம். அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடா. மழை குறைந்த நாடு, மணற்பாங்கான நிலம். தென்னையும் உப்பும் மீனும் இப்பகுதிக்குச் செல்வம். வடக்கே மன்னார் வரையும், அதற்கு மேல் யாழ்ப்பாணத்துத் தீவுகள் வரையும் இத்தகைய உலர்ந்த மணற்கரை விட்டுவிட்டுத் தொடர்கின்றது.

இக்கரைக்கும் துணிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா என்னும் மொறோக்கோ நாட்டுப் பயணி, பத்தாலா என்னும் பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதாக எழுதியுள்ளார். அப்பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் கருத்து. கறுவா மரத்துண்டுகள் ஆற்றுவெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கரையிலே குவிந்து கிடந்தன என்றும், மலையாளக் கரையிலிருந்தும் மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வணிகர் அரசனுக்குத் துணிகளையும் அவை போன்ற பொருள்களையும் காணிக்கையாகக் கொடுத்து அவற்றை ஏற்றிச்சென்றனர் என்றும் அவர் கூறுகின்றார். சோழமண்டலத்துத் துணி இக்கரையில் அரசனுக்குக் கையுறையாகும் மதிப்புடையதாயிருந்தது என்பதை இச்செய்தியால் அறிகின்றோம்.

துணி அக்கரையிலிருந்து வந்ததெனின், அதற்கு நிறம் ஊட்டிய வேரின் ஒரு பகுதி இக்கரையிலிருந்து சென்றது. அவ்வேரே சாயவேர். அச்செடியை இம்பூறல் என்றும் கூறுவர். சித்த மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு. தரையோடு படரும் சிறுசெடி. வெண்ணிறமான நுண்ணிய பூக்களை உடையது. வழியிற் கிடந்தால் மிதித்துச் செல்வோரே மிகுதி. அதன் சிறப்பெல்லாம் மண்ணுக்குக் கீழே இருக்கின்றது. நூல்போல் மெலிந்து நீண்டு இறங்கும் வேரின் பட்டையிலே செந்நிறச் சாயம் உறைகின்றது. அச்சாயப்பொருளை இன்றைய இரசாயன நூலார் அலிசரின் என்பர். ஐரோப்பாவில் பயிரிடப்பட்ட மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலும் அதுவே உண்டு.

சாயவேர் எல்லா மண்ணிலும் ஒரே தரமாக விளைவதில்லை. கடற்சிப்பிகளும் சங்குகளும் நொறுங்கிக் கலந்த மணலில் சுண்ணச்சத்து மிகுதியாயிருக்கும். அலிசரின் துணியிற் பற்றி ஒளிபெறுவதற்குச் சுண்ணம் துணைசெய்கின்றது. இச்செய்தியை இரசாயன நூல் கூறுமுன்னரே அனுபவத்தால் அறிந்திருந்தனர் கரையோர மக்கள். வேறு பயிருக்குப் பயன்படாதென ஒதுக்கிய மணலே உயர்ந்த சாயவேரின் தாயகமாயிருந்தது.

செந்நிற வேரிலிருந்து ஊதா எவ்வாறு தோன்றிற்று எனக் கேட்போர் வினவலாம். சாயத்தொழிலின் நுட்பம் அங்கேதான் இருக்கின்றது. அலிசரின் தனியே நின்று பருத்தியைப் பற்றுவதில்லை. இடையிலே ஓர் உலோக உப்பு வேண்டும். படிகாரம் இட்ட இடத்தில் அது சிவப்பாகும். இரும்புக் கரைசல் இட்ட இடத்தில் கருநிறமாகும். இரும்பு குறைந்தால் ஊதாவாகும். படிகாரமும் இரும்பும் ஏற்ற அளவிற் கலந்தால் நாவற்பழத்தின் ஆழ்ந்த செவ்வூதா வரும். ஒரே வேர், ஒரே கொப்பரை, ஒரே கொதிநீர்; துணியின் எந்த இடத்தில் எது பூசப்பட்டது என்பதைப் பொறுத்து வெவ்வேறு நிறங்கள் ஒருங்கே எழுகின்றன.

இத்தொழில் நடந்த முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பர். கடுக்காயின் துவர்ப்பு உலோக உப்பைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்புப் பூசும் கரைசல் பரவாது தடுக்கும். பின் துணியை மரக்கட்டையால் அடித்து மழமழப்பாக்குவர். ஊசியாற் புள்ளியிட்ட தாளை அதன்மேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால் கோலம் துணியிற் பதியும். மூங்கிற் குச்சியின் முனைக்கு மேலே மயிரையோ கம்பளி நூலையோ பந்துபோற் சுற்றிய எழுதுகோலால் அக்கோலத்தை வரைவர். இரும்புத் துண்டுகளைப் புளித்த கள்ளிலோ வெல்லம் கரைத்த நீரிலோ பல நாள் ஊறவைத்து இரும்புக் கரைசலை ஆக்குவர். கரிய கோடுகளை அதனால் எழுதுவர். சிவப்பு வேண்டிய இடத்திற் படிகார நீரைப் பூசுவர். ஊதா வேண்டிய இடத்திலோ படிகார நீரில் இரும்புக் கரைசலைச் சிறிது கலந்து பூசுவர்.

படிகார நீருக்குத் தனி நிறமில்லை. பூசிய இடம் கண்ணுக்குத் தெரியும்பொருட்டுப் பதங்கக் கட்டையின் சாற்றைச் சிறிது சேர்ப்பதுண்டு. ஆகவே சிவப்பையும் ஊதாவையும் பூசுபவன் தான் பூசும் நிறத்தை அப்பொழுது காண்பதில்லை. துணி சாயவேர்க் கொப்பரையிற் கொதித்து வெளிவந்த பின்னரே அவன் செய்தது சரியா பிழையா என்பது தெரியும். இரும்பு ஓரளவு கூடினால் ஊதா கருமையாகும், குறைந்தால் வெறுஞ்சிவப்பாகும். இரும்பு மிகுந்தால் வேறொரு தீங்கும் உண்டு. அது நாளடைவில் நூலையே அரித்துவிடும். அரும்பொருட்சாலைகளில் உள்ள பழைய ஓவியத் துணிகள் சிலவற்றில் கரிய கோடுகள் இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பது இதனாலேயே. கண்ணாற் காணாத நிறத்தைக் கையளவால் அறிந்து ஆக்கிய தொழில் இது.

காயா மரத்தின் உறவும் இங்குக் குறிக்கத்தக்கது. பழம்புலவர் அதன் பூவின் நிறத்தைப் பாடினர். சாயக்காரரோ அதன் இலையை நாடினர். காயா இனத்து மரங்களின் இலையில் அலுமினியச் சத்து மிகுதியாக உண்டு. அது படிகாரத்தின் வேலையைச் செய்யவல்லது. ஆதலால் சாயத்தொழிலாளர் அவ்விலையையும் பயன்படுத்தினர். பூவின் ஊதா துணிக்கு ஏறாது. அம்மரத்தின் இலையோ வேரின் நிறம் துணியில் நிலைக்க உதவுகின்றது.

ஊதாவை ஆக்க வேறொரு வழியும் இருந்தது. சாயவேரிற் சிவந்த இடத்தின்மேல் அவுரி நீலத்தை ஏற்றினால் செந்நீலம் பிறக்கும். அதற்கு, நீலம் படக்கூடாத பகுதிகளையெல்லாம் மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்தவேண்டும். இரும்பினாற் பிறந்த ஊதா அடங்கியது. சிறிது பழுப்புச் சாயல் உடையது. நீலமும் சிவப்பும் கூடிப் பிறந்த ஊதா அதனினும் ஒளி மிக்கது. தேர்ந்த தொழிலாளி இவ்விரண்டையும் வெவ்வேறு இடங்களுக்கு ஏற்பப் பயன்படுத்தினான்.

அவ்விடங்கள் யாவை என்பதில் இந்நிறத்தின் இயல்பு விளங்கும். நிறவரிசையில் கருமைக்கு மிக அணித்தாக நிற்பவற்றுள் ஒன்று ஊதா. ஆழ்ந்த ஊதாவை ஒரு துணி முழுவதும் நிரப்பினால் அது இருண்டு தோன்றும். கரையாகவோ, பூவிதழின் நிழலாகவோ, கொடியின் மடிப்பாகவோ வைத்தால் பக்கத்து நிறத்தை எடுத்துக்காட்டும். மஞ்சளை அடுத்து வைத்தால் இரண்டும் ஒளிபெறும். ஏனெனில் மஞ்சளும் ஊதாவும் எதிர்நிறங்கள். கத்தரிப்பூ நிறப் பட்டிற்குப் பொற்சரிகைக் கரை பொருந்துவதன் காரணம் இதுவே. சிவப்பு முன்வந்து நிற்கும். ஊதா பின்வாங்கி நிற்கும். ஆதலால் சிவந்த மலருக்குப் பின்னே ஊதா நிழலை வைத்தால், தட்டையான துணியில் மலர் எழுந்து நிற்பதுபோல் தோன்றும். சோழமண்டலத்து ஓவியத் துணிகளில் மலர்கள் உயிர்பெற்று நின்றமைக்கு இந்த அடங்கிய ஊதாவும் ஒரு காரணமாகும்.

ஒளி குறையுங்கால் நிகழும் மாற்றமும் உண்டு. அந்திவேளையில் செந்நிறப் பூக்கள் முதலிற் கருத்துவிடும். நீலமும் ஊதாவும் சற்று நேரம் தெரிந்துகொண்டிருக்கும். மனிதக் கண்ணின் இவ்வியல்பைப் புர்க்கின்யே என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்துரைத்தார். விளக்கொளி குறைந்த வீடுகளில் வாழ்ந்த மக்களுக்கு இது நாள்தோறும் கண்ட காட்சியாயிருந்திருக்கும்.

இத்துணிகள் உலகெங்கும் சென்றன. இலங்கைத் தமிழில் பூப்போட்ட பருத்தித் துணியைச் சீத்தை என்கின்றோம். சிங்களத்திலும் சீத்த என்பர். போத்துக்கேயர் சீத்தா என்றனர். ஆங்கிலேயர் சின்ட்சு என்றனர். இச்சொற்கள் யாவும் புள்ளியிட்ட துணி என்னும் பொருள்படும் ஓர் இந்தியச் சொல்லிலிருந்து கிளைத்தவை. இத்துணியின் வரவால் தம் நாட்டு நெசவு கெடுகின்றதென்று அஞ்சிப் பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700இலும் பின்னர் 1721இலும் தடைச்சட்டங்கள் செய்தன. துவைத்தாலும் மங்காத நிறமே அத்துணியின் பெருஞ்சிறப்பு. அந்நிறத்தின் வேர் தமிழர் வாழ்ந்த கரைகளின் மணலில் இருந்தது.

அந்த வேரைத் தோண்டியவர்களின் நிலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போத்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கற்பிட்டியும் அடுத்து அவர் வசமாயிற்று. அவர் அங்கே கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. யாழ்ப்பாணத்துத் தலைவராயிருந்த ஸ்வார்டெக்குறூன் என்பவர் 1697இல் தமக்குப்பின் பொறுப்பேற்போருக்கு எழுதிவைத்த அறிவுரைக் குறிப்பில் சாயவேரும் இடம்பெறுகின்றது. யானை, முத்து, துணி என்பவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வருவாய்ப் பொருளாக ஒரு சிறுசெடியின் வேர் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1817இல் இலங்கையின் வேளாண்மையையும் வணிகத்தையும் வருவாயையும் பற்றி நூல் எழுதிய அந்தோனி பெர்த்தொலாச்சியும் சாயவேரை அரசிறை தரும் பொருள்களுள் வைத்துப் பேசுகின்றார்.

வேரைத் தோண்டுதல் யாவர்க்கும் உரிய தொழிலாக இருக்கவில்லை. குறித்த சில வகுப்பாருக்கு அது கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. தோண்டிய வேரை அரசு வைத்த விலைக்கு அரசுக்கோ, அரசிடம் குத்தகை எடுத்தவனுக்கோ கொடுத்தல் வேண்டும். எரிக்கும் வெயிலில் குனிந்து, நூல்போன்ற வேர் அறுந்துவிடாமல் மணலைக் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டாகக் கட்டும் வேலை அது. ஒரு பிடி சேர்வதற்கு எத்தனை செடிகள் வேண்டும் என்பதைச் செடியைக் கண்டவர் உணர்வர். ஒல்லாந்தரின் கணக்கேடுகளில் வேரின் விலை உண்டு. குத்தகைப் பணம் உண்டு. தோண்டியவர்களோ பெரும்பாலும் வகுப்பின் பெயராலேயே அறியப்படுகின்றனர். ஐரோப்பிய மாளிகைகளில் தொங்கிய திரைச்சீலைகளின் ஊதாவுக்கும் செம்மைக்கும் பின்னால் இவர்களது உழைப்பு இருந்தது.

தொழிலின் நுட்பமும் ஐரோப்பியர் கைக்குச் சென்றது. தென்னிந்தியாவில் சமயப்பணி புரிந்த கேர்டூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயத்தொழில் அறிந்த கிறித்தவர்களிடம் கேட்டறிந்து, கடுக்காயும் எருமைப்பாலும் முதலாகச் சாயவேர்க் கொப்பரை ஈறாக யாவற்றையும் 1742இல் ஒரு கடிதத்தில் விளக்கி எழுதினார். அக்கடிதம் ஐரோப்பாவில் அச்சாகித் தொழில் வல்லுநராற் படிக்கப்பட்டது. சொல்லிக் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். எழுதியவரும் பிழையற எழுதினார். ஆயினும் விளைவு வேறாயிற்று. அதே நூற்றாண்டு முடியுமுன் ஐரோப்பாவின் அச்சுப் பட்டறைகள் மஞ்சிட்டி வேரைக்கொண்டு அதே சிவப்பையும் ஊதாவையும் ஆக்கி, கீழைநாட்டுத் துணிக்குப் போட்டியாக நின்றன. 19ஆம் நூற்றாண்டில் மான்செசுற்றர்ச் சீத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து இறங்கலாயிற்று.

1832ஆம் ஆண்டில் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. ஊழியக் கட்டு நீங்கிய அந்த நூற்றாண்டிலேயே, வேருக்கே தேவை இல்லாமற்போகும் காலமும் வந்தது. அதற்கு வித்திட்டவன் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன்.

1856ஆம் ஆண்டில் வில்லியம் பேர்க்கின் என்னும் மாணவன், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று, இலண்டனில் தன் வீட்டிலேயே சோதனை செய்துகொண்டிருந்தான். குயினைன் கிடைக்கவில்லை, கரிய படிவு ஒன்று கிடைத்தது. அதனை மதுசாரத்திற் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் எழுந்தது. பட்டுத்துணியில் அது ஏறிற்று, சவர்க்காரத்துக்கும் அசையவில்லை. உலகின் முதற் செயற்கைச் சாயத் தொழில் இவ்வாறு தோன்றிற்று. பிரெஞ்சு மொழியிலுள்ள ஒரு பூவின் பெயரால் அந்நிறம் மோவ் எனப்பட்டது. 1858இல் விக்ரோறியா அரசியார் தம் மகளின் திருமணத்திற்கு அந்நிற ஆடை அணிந்து சென்றார். பழைய உரோமில் அரசர்க்கே உரியதாயிருந்த ஊதாவைச் சில ஆண்டுகளில் இலண்டன் நகரத்துப் பெண்கள் யாவரும் உடுத்தலாயினர்.

பேர்க்கின் பயன்படுத்திய மூலப்பொருளின் பெயர் அனிலின். அது முதன்முதல் 1826இல் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்துப் பெறப்பட்டது. அவுரிக்குப் போத்துக்கேய மொழியில் அனில் என்று பெயர். அச்சொல் அரபு மொழியின் அந்நீல் என்பதிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் நம் நாட்டு நீலம் என்னும் சொல்லே. இந்தியச் சாயங்களை வீழ்த்திய தொழில் தன் பெயரையே இந்தியச் சாயத்திடமிருந்து பெற்றது.

மோவ் ஒரு தொடக்கமே. 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானிய அறிஞர் இருவர் அலிசரினையே செயற்கையாக ஆக்கும் வழி கண்டனர். அடுத்த ஆண்டில் அதனை மலிவாக ஆக்கும் முறைக்குச் செருமானியத் தொழிலகமும் பேர்க்கினும் ஒரு நாள் இடைவெளியில் உரிமை கோரினர். வேரில் இருந்த அதே பொருள் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. பிரான்சின் மஞ்சிட்டித் தோட்டங்கள் சில ஆண்டுகளிலேயே அழிந்தன. மதுரைச் சௌராட்டிரச் சாயக்காரர் பேர்பெற்ற தம் சிவப்புத் துணிக்குச் சாயவேரை விட்டு அலிசரின் தூளை வாங்கினர். அலிசரினைக் குறைகூறுதற்கில்லை, அது வேரின் சாயமே, நிலைத்ததே. வேரைத் தோண்டும் இடர் நீங்கிற்று என்பதும் உண்மை. எனினும் தோண்டியவனுக்கு அதற்கு ஈடாக வேறு பிழைப்பை எவரும் காட்டவில்லை. செருமனியில் இலாபம் குவிந்த அதே காலத்தில் இக்கரையோரத்தில் ஒரு தொழில் ஓசையின்றி மறைந்தது.

செயற்கை ஊதா பின்னர் நாட்டின் ஒவ்வொரு மூலைக்கும் வந்தது. 1861இல் மெதைல் ஊதாவும், 1883இல் பளிங்கு ஊதாவும் ஆக்கப்பட்டன. அலுவலகத்தின் இறப்பர் முத்திரை மையாக அது வந்தது. பள்ளிக்கூட வினாத்தாள்களை ஊதா எழுத்திற் பெருக்கும் கருவியின் மையாக வந்தது. மருந்துச்சாலையிற் புண்ணுக்குப் பூசும் நீராக வந்தது. 1884இல் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம் கண்ட முறையில், நோய்க்கிருமிகளை உருப்பெருக்கியின் கீழ் வகுத்தறியும் சாயமாகவும் வந்தது. கரையோர ஊர்களில் பெண்கள் முடையும் பாயிலும் பெட்டியிலும் சிவப்போடும் பச்சையோடும் ஊதா ஓலை ஊடுசெல்கின்றது. அந்த ஊதாவும் கடையிற் பொட்டலமாக வாங்கியதே. அது மலிவு, பளிச்சென்றது, ஆயின் வெயிலில் விரைவில் வெளிறும். வேர்ச்சாய ஊதா அடங்கியது, பெறுதற்கு அரியது, இரும்பு அளவாயிருந்த இடத்தில் இருநூறு முந்நூறு ஆண்டு கழிந்தும் அரும்பொருட்சாலைகளில் நிற்கின்றது.

குயினைனைத் தேடிப் புறப்பட்டு ஊதாவைக் கண்டவன் கதைக்குப் பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்று இக்கரையோடு தொடர்புடையது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய பெரும் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். சிலாபம், புத்தளம் பகுதிகளும் அதில் வருந்தின. அப்பொழுதும் மருந்து பெரும்பாலும் மரப்பட்டையிலிருந்து எடுத்த குயினைனாகவே இருந்தது. பேர்க்கினின் முயற்சி வெற்றி பெற்றிருந்தால் அம்மருந்து எளிதிற் கிட்டியிருக்கலாம். மக்கள் பெற்றதோ மலிந்த ஊதா. அறிவியலின் பயன் வேண்டிய இடத்தை வேண்டிய காலத்தில் அடைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி இக்காலத்து நிலை யாது? செயற்கைச் சாயத்தின் கழிவுநீர் ஆறுகளைக் கெடுப்பதைத் தமிழ்நாட்டுத் திருப்பூரில் உலகம் கண்டது. நொய்யல் ஆற்றைக் காப்பதற்காக அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இயற்கைச் சாயங்களின்பால் நாட்டம் திரும்பியிருப்பதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளும் காரணம். வேர்ச்சாயம் மறுபடியும் உலகிற்கெல்லாம் ஆடை ஊட்டும் என்று எண்ணுதல் பொருந்தாது. அத்துணை வேருக்கு மணலும் இல்லை, தோண்டும் கைகளும் இல்லை. பழைய கட்டாய உழைப்பு திரும்புவதை எவரும் விரும்பார். ஆயினும் ஒரு செடியின் பெயரும் பயனும் அதை மிதித்து நடக்கும் மக்களுக்கே தெரியாமற்போதல் இழப்பாகும். களப்போரம் இறால் பண்ணைகளாகவும் உப்பளங்களாகவும் கட்டடங்களாகவும் மாறிவரும் இந்நாளில், வெறும் மணலென்று கருதப்படும் நிலத்தில் எவை வாழ்கின்றன என்பதை அறிவது முதற்கடமை.

கனமூலை போன்ற ஊர்களிலுள்ள பாடசாலைகளுக்கு இது அரிய செயலன்று. நல்ல மணல், சில செடிகள், ஒரு பானை, சிறிது படிகாரம், துருப்பிடித்த ஆணிகள், கடுக்காய், ஒரு முழம் பருத்தித் துணி ஆகியவை போதும். துணியின் ஒரு பாதியிற் படிகார நீரையும், மறு பாதியில் ஆணி ஊறிய நீரைக் கலந்த படிகார நீரையும் பூசிச் சாயவேர் நீரிற் கொதிக்கவைத்தால், ஒரு பாதி சிவந்தும் மறு பாதி ஊதாவாகியும் வெளிவருவதை மாணவர் தம் கண்ணாற் காண்பர். இரசாயனம், தாவரவியல், வரலாறு என்னும் மூன்று பாடங்கள் அந்த ஒரு முழத் துணியில் அடங்கியிருக்கும். இத்தகைய வேரைத் தோண்டிய மக்களின் பெயர்களை இன்று அறிந்தவர் அரியர். அவர்கள் அறிந்திருந்த தொழிலையேனும் அடுத்த தலைமுறை ஒருமுறை செய்து பார்த்தால், அது அவர்களுக்குச் செய்யும் தக்க நன்றியாகும்.